மலையும் மணலும்

நுழையும்முன்

வாழ்க்கையின் ஒவ்வொரு புதிய நிலைக்கும் ஒரு வாயில் உண்டு. அவ்வாயிலைக் கடக்க முனைவோரை ஏதேனும் ஒன்று பின்னின்று இழுக்கிறது. இழுக்கும் அது தீமையின் வடிவில் வந்தால் இனங்காண்பது எளிது. நன்மையின் வடிவில் வரும்போதுதான் மனம் தடுமாறுகிறது. சமயங்கள் இதனைச் ‘சோதனை’ என்று குறிப்பிடுகின்றன. 1841ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் கிறித்துவத் திருப்பணியின் புதிய நிலைக்குள் அடியெடுத்து வைத்த இளைஞர் ஒருவரின் பயணத்தைக் கொண்டு, சோதனையின் இயல்பை இப்பாடம் விளக்குகிறது.

சோதனை என்னும் சொல்

‘சோதனை’ என்னும் சொல்லை நாம் பல பொருள்களில் வழங்குகிறோம். ஆய்வுக்கூடத்தில் செய்வதும் சோதனை. வாழ்வில் வரும் துன்பமும் சோதனை. தமிழ் விவிலியத்தில் மனிதரைத் தம் நெறியிலிருந்து விலகச் செய்யும் தூண்டுதலும் சோதனை என்றே வழங்கப்பெறுகிறது. இச்சொல்லின் வடமொழி மூலத்திற்குத் தூய்மையாக்குதல் என்பது பொருள். பொன் நெருப்பில் இடப்படுவது அதனை அழிப்பதற்காக அன்று. மாசு நீக்கி அதன் தரத்தை வெளிப்படுத்துவதற்காகவே. வள்ளுவரும் ‘தவம்’ என்னும் அதிகாரத்தில் இப்பொன்னையே உவமையாக எடுத்தாள்கிறார். ஆகவே, ஒருவர் யார் என்பதை அவருக்கே காட்டும் நிகழ்வு சோதனை எனலாம்.

வாயிலில் நின்ற மூன்று சோதனைகள்

நற்செய்தி நூல்களில் சோதனை வரும் இடம் கருதத்தக்கது. இயேசு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெறுகிறார். அவரது பொதுவாழ்வின் தொடக்கம் அது. அதனை அடுத்துப் பாலைநிலத்தில் 40 நாள்கள் நோன்பிருக்கிறார். அங்குதான் சோதனை வருகிறது. தொடங்கியது நிலைபெறுமா என்பது தொடக்கத்திலேயே கேட்கப்படுகிறது.

மத்தேயு நற்செய்தி அச்சோதனைகளை மூன்றாக நிரல்படுத்துகிறது. கற்களை அப்பமாக்கிப் பசி தீர்த்துக்கொள்ளச் சொல்வது முதலாவது. கோவிலின் உச்சியிலிருந்து குதித்து இறைக்காவலை மெய்ப்பிக்கச் சொல்வது இரண்டாவது. மிக உயர்ந்த மலைமேல் நிறுத்தி, உலகத்து அரசுகளையெல்லாம் காட்டி, அவற்றைத் தருவதாகச் சொல்வது மூன்றாவது. பசி இயல்பானது, பாதுகாப்பும் மதிப்பும் எவரும் விரும்புவன, ஆளும் ஆற்றலைக் கொண்டு நன்மையும் செய்யலாம். ஆயினும் இவை மூன்றும் மேற்கொண்ட பணியிலிருந்து ஒருவரை விலக்க வல்லவை. உடலின் நலம், ஊரார் தரும் மதிப்பு, உயரத்திலிருந்து பிறரைக் காணும் பார்வை என்று இவற்றைச் சுருக்கிக் கூறலாம்.

தமிழிலக்கியத்திலும் இத்தகைய காட்சி உண்டு. மணிமேகலை துறவு வாழ்வை நோக்கித் திரும்பும் வேளையில்தான் சோழ இளவரசன் உதயகுமரன் அவளைப் பின்தொடர்கிறான். அவன் பகைவனாக வரவில்லை; அன்புடையவனாகவும் அரசவாழ்வைத் தர வல்லவனாகவும் வருகிறான். புத்தர் மெய்யறிவு பெறும் தறுவாயில் மாரன் குறுக்கிட்டதாகப் பௌத்த மரபு கூறுகிறது. சமயங்கள் வேறுபடினும், புதுநிலையின் வாயிலில் சோதனை நிற்கும் என்பதில் அவை ஒத்த கருத்துடையன.

சென்னையிலிருந்து நீலகிரிக்கு

இராபர்ட் கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1838ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை வந்து சேர்ந்தார். மூன்றாண்டுகளுக்கும் மேலாக அங்குத் தங்கித் தமிழ் கற்றார்; மக்களிடையே பணியாற்றினார். 1841ஆம் ஆண்டில் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. தம் பழைய சங்கத்தை விட்டு விலகி, ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்து, எஸ்.பி.ஜி. சங்கத்தின் வாயிலாகத் திருநெல்வேலிச் சீமையில் பணிபுரிய முடிவு செய்தார்.

அதற்கு முன்னர் அவர் பேராயரிடம் திருநிலைப்பாடு பெற வேண்டும். அப்போது சென்னைப் பேராயராக இருந்த ஜார்ஜ் ஸ்பென்சர் நீலகிரியில் தங்கியிருந்தார். கால்டுவெல் சென்னையிலிருந்து நடந்தே புறப்பட்டார். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களைக் கடந்து நீலகிரியை அடைந்தார். 1841ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் உதகமண்டலத்தில் பேராயர் ஸ்பென்சர் அவரைத் திருநிலைப்படுத்தினார். அப்போது அவருக்கு வயது 27.

தெரிந்து தெளிவோம்

இன்று நீலகிரிக்குச் செல்வோர் காணும் தேயிலைத் தோட்டங்கள் கால்டுவெல் சென்ற காலத்தில் மலைச்சரிவுகளை மூடியிருக்கவில்லை. சோலைக்காடுகளும் புல்வெளிகளுமே மிகுந்திருந்தன. தேயிலை பெருந்தொழிலாக வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். மலைத் தொடர்வண்டி 1899ஆம் ஆண்டில் குன்னூரையும், 1908ஆம் ஆண்டில் உதகமண்டலத்தையும் எட்டியது.

மலை நீட்டிய கை

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் வீடு கட்டி, ஏரியையும் அமைத்தார். இருபது ஆண்டுகளுக்குள் அவ்வூர் ஐரோப்பியர் விரும்பித் தங்கும் நகரமாயிற்று. 1829ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற புனித ஸ்தேவான் ஆலயம் ஊரின் நடுவே உயர்ந்து நின்றது. சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் உடல் நலிந்தோர் நலம்பெற இம்மலையை நாடி வந்தனர்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. குளிர்ந்த காற்று, தாய்நாட்டை நினைவூட்டும் மூடுபனி, தம் மொழி பேசுவோரின் சுற்றம், வழிபடத் தம் திருச்சபையின் ஆலயம் ஆகிய யாவும் அங்கு ஒருங்கே வாய்த்திருந்தன. புதிதாகத் திருநிலை பெற்ற இளைஞர் ஒருவர் அங்கேயே தங்கிப் பணிபுரிய விரும்பியிருந்தால், எவரும் அதனைப் பிழையென்று கூறியிருக்க மாட்டார். உடல்நலம் பேணுவதும் அறமே அன்றோ? சோதனையின் வலிமை இங்குதான் உள்ளது. ‘தீமை செய்’ என்று அது கூறுவதில்லை. ‘இங்கேயே நில்’ என்று மட்டுமே கூறுகிறது. நின்றுவிட்டால், மேற்கொண்ட பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

கால்டுவெல் நிற்கவில்லை. மலையிலிருந்து இறங்கினார். மதுரை வழியாகத் தெற்கு நோக்கி நடந்து, அவ்வாண்டு முடிவதற்குள் திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். அங்கு இடையன்குடி அவரது ஊராயிற்று. சோலையும் ஓடையும் நிறைந்த மலைக்கும் அவ்வூருக்கும் எவ்வகை ஒப்புமையும் இல்லை. செம்மணல் தேரிகளும் பனைமரங்களும் உப்புக்காற்றும் உடைய வறண்ட நிலம் அது. அம்மண்ணில் அவர் ஏறத்தாழ 50 ஆண்டுகள் வாழ்ந்தார்.

நடந்து சென்ற வழி

அக்காலத்தில் ஐரோப்பியர் பல்லக்கிலோ குதிரையிலோ செல்வதே வழக்கம். வெயிலில் புழுதி படிய நடந்து செல்வது அவர்தம் மதிப்புக்குக் குறைவாகவே எண்ணப்பட்டது. கால்டுவெல் நடப்பதைத் தேர்ந்தெடுத்தார். நாட்டையும் மக்களையும் அவர்தம் பேச்சையும் அருகிருந்து அறிய வேண்டும் என்பதே அவரது நோக்கம். பல்லக்கில் செல்வோர் ஊர்களைக் கடந்து செல்கின்றனர்; நடந்து செல்வோர் ஊர்களுக்குள் செல்கின்றனர்.

பிறர் மதிப்பிற்காக வாழ்தல் என்னும் இரண்டாம் சோதனைக்கு அவர் தந்த விடையாக இந்நடையைக் கொள்ளலாம். தம்மை உயர்ந்தவராகக் காட்டிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தும் அவர் அதனை நாடவில்லை. வழியில் கேட்ட பலவகைப் பேச்சும் மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அவரது அறிவுக்கு உணவாயிற்று. 1856ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளோடு நீலகிரி மலைவாழ் மக்களாகிய தோடர், கோத்தர் ஆகியோரின் மொழிகளும் இடம்பெற்றன. எழுத்தும் ஏட்டிலக்கியமும் இல்லாத அம்மொழிகளையும் திராவிடக் குடும்பத்தின் உறுப்பினராகவே அவர் எண்ணினார். இரண்டாம் பதிப்பு 1875ஆம் ஆண்டில் வெளிவந்தது.

உயரத்திலிருந்து காணும் பார்வை

இடையன்குடியில் கால்டுவெல் ஆற்றிய பணிகள் பல. தெருக்களை ஒழுங்குபடுத்தினார், கிணறுகள் வெட்டச் செய்தார், பள்ளிகள் தொடங்கினார். 1844ஆம் ஆண்டில் அவர் மணந்துகொண்ட எலிசா அம்மையார் பெண்கல்விக்காக உழைத்தார். பெண்கள் வருவாய் ஈட்டப் பின்னல் வேலையையும் கற்றுத்தந்தார். 1847ஆம் ஆண்டில் தொடங்கிய ஆலயப்பணி 1880ஆம் ஆண்டில் நிறைவுற்றது. ஓர் ஆலயத்திற்கு 33 ஆண்டுகள் காத்திருந்த பொறுமை அவருடையது.

ஆயினும் அவரது வாழ்வில் ஒரு குறையும் உண்டு. அதனை மறைத்துக் கூறுவது வரலாறு ஆகாது. தாம் பணிபுரிந்த பகுதியில் பனைத்தொழிலை நம்பி வாழ்ந்த மக்களைப் பற்றி 1849ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அம்மக்களின் சமயத்தையும் வாழ்க்கை முறையையும் அந்நூல் தாழ்த்திச் சித்திரித்தது. மேலைநாட்டு வாசகருக்காக எழுதப்பட்ட அந்நூலை, எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அம்மக்களே பின்னர்ப் படித்தனர், உள்ளம் புண்பட்டனர், கடுமையாக எதிர்த்தனர். மிஷன் பள்ளிகளில் கல்வி பெற்றவர்களும் எதிர்த்தோருள் இருந்தனர். பள்ளி தந்த எழுத்தறிவைக் கொண்டே அவர்கள் தம் மதிப்பை நிலைநாட்ட முனைந்தனர்.

மூன்றாம் சோதனை மலையுச்சியில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூரலாம். உயரத்தில் நிற்பவருக்கு அனைத்தும் தெரியும். ஆனால் மனிதர்கள் சிறியவர்களாகத் தெரிவர். உதகையின் சுகத்தை விட்டு இறங்கியவருக்கும் பல்லக்கின் மதிப்பைத் துறந்தவருக்கும் இவ்வுயரத்திலிருந்து இறங்குவது எளிதாக இல்லை. மக்களுக்காக வாழ்பவரை நெருங்கும் சோதனை இதுவே. ‘இவர்களை நான் நன்கறிவேன், இவர்களை உயர்த்தவே வந்துள்ளேன்’ என்னும் எண்ணத்தோடு கலந்து வருவதால், அது சோதனை என்றே தோன்றுவதில்லை. முதலிரண்டு சோதனைகளை வென்றவர் மூன்றாவதில் இடறினார் என்பது அவரது பெருமையை அழித்துவிடாது. வாயிலில் பெற்ற வெற்றி வாழ்நாள் முழுமைக்கும் போதாது என்பதையே அது காட்டுகிறது.

மலை குற்றமன்று

மலையில் தங்குவது சோதனைக்கு ஆட்படுவது என்றும், மணலில் வாழ்வதே வெற்றி என்றும் எண்ணிவிடலாகாது. ஜி.யு. போப்பின் வாழ்வு இதனைத் தெளிவுபடுத்துகிறது. சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் பணியாற்றிய அவர், 1850களின் இறுதியில் உதகமண்டலம் சென்று பள்ளி நடத்தினார். அங்கிருந்த ஆண்டுகளில் தோடர் மொழியைக் கேட்டறிந்து அதன் இலக்கணக் குறிப்புகளைத் தொகுத்தார். அக்குறிப்புகள் 1873ஆம் ஆண்டில் அச்சாயின. தமிழின்மீது அவர் கொண்ட பற்று எவ்வூரிலும் குறையவில்லை. 1886ஆம் ஆண்டில் திருக்குறளையும் 1900ஆம் ஆண்டில் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார்.

கால்டுவெல்லுக்குப் பணி தெற்கில் காத்திருந்தது; போப்புக்கு மலையிலேயே பணி அமைந்தது. ஒருவருக்குச் சோதனையாகும் இடம் மற்றொருவருக்குக் களமாகலாம். ஆகவே, ‘எங்கே இருக்கிறோம்’ என்பதைக் காட்டிலும் ‘எதற்காக இங்கே இருக்கிறோம்’ என்னும் வினாவே சோதனையை இனங்காட்டும்.

காப்பியம் காட்டும் வழி

போப் தொடங்கிய சாயர்புரம் கல்விக்கூடத்தில் பிற்காலத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர் எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை. 1827ஆம் ஆண்டில் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர், 1858ஆம் ஆண்டில் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். வழிவழி வந்த மரபும் உற்றாரும் ஒருபுறம், தாம் தேர்ந்த புதிய நெறி ஒருபுறம் என நின்ற நிலை அவருக்கு வாய்த்தது. தமிழிலக்கியப் பயிற்சியையும் கம்பரிடம் கொண்ட ஈடுபாட்டையும் அவர் கைவிடவில்லை. அவற்றையே புதிய பாதையின் கட்டுச்சோறாகக் கொண்டார்.

அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், சோதனைகளைக் கடந்து செல்லும் ஆன்மாவின் பயணத்தை உருவகமாகப் பாடுகிறது. பயணம் தொடங்கிய உடனேயே நம்பிக்கையிழப்பு என்னும் சேறு குறுக்கிடுகிறது. அதனைக் கடந்தால் எளிய வழி காட்டுவதாகச் சொல்லும் உலகியல் அறிஞர் எதிர்ப்படுகிறார். பின்னர் எல்லாவற்றையும் விலைக்கு விற்கும் மாயச் சந்தை வருகிறது. துன்பமாக, அறிவுரையாக, இன்பமாக என ஒரே சோதனை வடிவம் மாற்றி வருகிறது. பயணி வெல்லும் முறையோ ஒன்றுதான்: விழுந்தாலும் எழுந்து, அடுத்த அடியை எடுத்து வைத்தல். துணை நிற்போரின் கையை மறுக்காது பற்றிக்கொள்வதும் அப்பயணத்தின் பகுதியாகும்.

நூல்வெளி

இரட்சணிய யாத்திரிகம், ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் இயற்றிய உருவகக் கதையைத் தழுவி எழுதப்பட்ட காப்பியம். 3,766 பாடல்களை உடையது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக அமைந்துள்ளது. 1894ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. கிருட்டிணப் பிள்ளை ‘கிறித்துவக் கம்பர்’ எனப் போற்றப்படுகிறார். போற்றித் திருஅகவல், இரட்சணிய மனோகரம் ஆகியனவும் அவர் இயற்றியவை.

மீண்டும் மலை, மீண்டும் மணல்

முதுமையில் ஓய்வு பெற்ற கால்டுவெல் கோடைக்கானல் மலையில் தங்கினார். 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அங்கேயே மறைந்தார். பணி முடிந்தபின் மலையில் பெற்ற ஓய்வு அது. இளமையில் நிறுத்தப் பார்த்த அதே குளிர்காற்று, முதுமையில் இளைப்பாறுதலாயிற்று. ஆயினும் அவரது உடல் மலையில் அடக்கம் செய்யப்படவில்லை. இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவில்லமாகத் திகழ்கிறது.

பள்ளியிலிருந்து மேனிலைக் கல்விக்கும், ஊரிலிருந்து நகரத்திற்கும், கல்வியிலிருந்து பணிக்கும் செல்வோர் அனைவரும் ஒரு வாயிலைக் கடப்பவரே. ‘இந்நிலையே போதும், இங்கேயே நில்’ என்று ஒரு குரல் கேட்கும். ‘பிறர் என்ன எண்ணுவரோ’ என்று மற்றொரு குரல் கேட்கும். இவ்விரண்டையும் வென்று முன்னேறியபின், ‘விட்டுவந்த ஊரும் உறவும் எவ்வளவு சிறியவை’ என்று மூன்றாம் குரல் மெல்லப் பேசும். முதலிரண்டு குரல்களும் நம்மை நிறுத்துவன. மூன்றாவது குரலோ, நாம் சென்று சேர்ந்த இடத்தையே பொருளற்றதாக்குவது. ஏறிய உயரத்திலிருந்து இறங்கி, மனிதரை மனிதராக அருகில் நின்று காணப் பழகியவரே அம்மூன்றாம் குரலையும் வெல்வர்.

சொல்லும் பொருளும்

திருநிலைப்பாடு – கிறித்துவத் திருப்பணிக்கென ஒருவரைச் சடங்கு வழியாக ஏற்படுத்துதல். தேரி – செம்மணல் மேடு. தறுவாய் – உரிய வேளை. கட்டுச்சோறு – வழிப்பயணத்திற்கான உணவு

பலவுள் தெரிக

1. கால்டுவெல் உதகமண்டலத்தில் திருநிலைப்படுத்தப்பட்ட ஆண்டு
அ) 1838 ஆ) 1841 இ) 1856 ஈ) 1880

2. இரட்சணிய யாத்திரிகத்தில் அமைந்துள்ள பருவங்களின் எண்ணிக்கை
அ) மூன்று ஆ) நான்கு இ) ஐந்து ஈ) ஆறு

குறுவினா

1. ‘சோதனை’ என்னும் சொல்லின் பொருள்களைக் குறிப்பிடுக.
2. கால்டுவெல் நடந்து செல்வதைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் யாது?

சிறுவினா

1. ‘மலை குற்றமன்று’ – போப்பின் வாழ்வைக் கொண்டு விளக்குக.
2. இரட்சணிய யாத்திரிகம் சோதனையைச் சித்திரிக்கும் முறையை எழுதுக.

நெடுவினா

வாயிலில் பெற்ற வெற்றி வாழ்நாள் முழுமைக்கும் போதாது என்னும் கருத்தைக் கால்டுவெல்லின் வாழ்க்கை நிகழ்வுகளால் நிறுவுக.

கற்பவை கற்றபின்

1. புதிய பள்ளியிலோ ஊரிலோ அடியெடுத்து வைத்தபோது உங்களைப் பின்னின்று இழுத்த ஒன்றைப் பற்றியும், அதனை எதிர்கொண்ட முறை பற்றியும் ஒரு பக்க அளவில் எழுதுக.
2. ஒரு மக்களைப் பற்றிப் பிறர் எழுதும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் எவை என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.